அண்ணன் சொல்ல மறுத்த சொல்

அண்ணன் நம்மை விட்டுச் சென்று ஓர் ஆண்டு ஆகிறது. அவரைப் பற்றிக் கூட்டாமல் குறைக்காமல் எழுத முயன்றிருக்கிறேன்.

அண்ணன் கொச்சியில், கொச்சங்காடியில் பிறந்தார். அப்பா செங்கோட்டைப் பக்கத்திலிருந்து மிளகுக் கிடங்கு வேலைக்கு வந்தவர். அப்பா காலமானதும் அண்ணன் பள்ளியை விட்டார். வெலிங்டன் தீவுத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். அங்கேதான் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அதே கட்சியிலிருந்த என் கணவரை எனக்குப் பார்த்து மணம் முடித்து வைத்தவரும் அவரே.

பிறகு கட்சி பிளந்தது. அண்ணன் ஒரு பக்கம், என் கணவர் மறுபக்கம். தோழரை நாங்கள் இங்கே சகாவு என்போம். அண்ணன் என் கணவரை அப்படி அழைப்பதை நிறுத்திவிட்டார். "மாப்பிள்ளைன்னு ஆயிரம் தடவ கூப்பிடுதேன். சகாவுன்னு ஒரு தடவ கூப்பிட மாட்டேன்" என்பார்.

எழுபதுகளின் இறுதியில் நடந்த மாநகராட்சித் தேர்தலில் இரு கட்சிகளும் கூட்டணி சேர்ந்தன. எங்கள் வார்டு என் கணவருக்குக் கிடைத்தது. பிளவை மன்னிக்காத சிலர் அண்ணனைத் தனித்து நிற்கச் சொன்னார்கள். நின்றால் தமிழ் வீடுகளின் ஓட்டு உடையும். என் கணவர் தோற்பார்.

"ஏட்டி, நான் நின்னா நீ யாருக்குப் போடுவ?"

"ஒங்களுக்குத்தான். அப்புறம் எந்த வீட்டுல சோறு கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க."

அண்ணன் நிற்கவில்லை. கடைசிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார். "இவரு கொள்கையில எனக்குச் சம்மதமில்ல. நாளைக்கும் எதிர்த்துப் பேசுவேன். இப்ப ஒடஞ்சு நின்னா முதலாளிங்க ஜெயிப்பாங்க. அதனால எங்க வீட்டு மாப்பிள்ளைக்கு ஓட்டுப் போடுங்க."

கூட்டம் சிரித்தது. அண்ணனுடைய கட்சிச் செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "சகாவே, இது பார்ட்டி மீட்டிங்கா, கல்யாண வீடா?"

என் கணவர் வென்றார். உறவைச் சொல்லி ஓட்டுக் கேட்டதற்காக அண்ணனைக் கட்சி கண்டித்தது. "கண்டிச்சது சரிதான்" என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

அண்ணன் நோயில் படுத்த மாதங்களில் என் கணவர் அவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டினார். தலையங்கம் வந்ததும் சண்டை தொடங்கும். அன்றைக்கு மருந்து சற்றுத் தாமதமாகும்.

அண்ணன் காலமான அன்று இரு கட்சியினரும் கொடியோடு வந்தார்கள். கூட்டணிதானே, இரண்டையும் போர்த்தலாம் என்றார் ஒருவர். என் கணவர் தம் கட்சிக் கொடியை வாங்கி மடித்துக்கொண்டார். "மச்சானுக்கு அவரு கொடி மட்டும் போதும்."

அந்தக் கொடியைக் கையில் வைத்தபடியே பாடைக்குத் தோள் கொடுத்தார். மற்றத் தோள்களைக் கொடுத்த இரு கட்சியினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.