கிளினிக் வரிசையில் பேசிய மாணவி

அவள் உட்கார்ந்திருக்கும் மேசை எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கணக்கு எழுதும்போது, அவள் காலாட்டுவதால் அந்தப் பழைய மேசை எழுப்பும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்கும். பதுளையில், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் கணிதம் கற்பிக்கிறேன். அவள் அப்போது தரம் பத்து. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதில் வராது. எந்தக் கேள்வியையும் அவள் முழுதாக வாசிப்பதில்லை என்பது விடைத்தாளைப் பார்த்தாலே தெரியும். ஆசிரியர் அறையில் அவள் பேச்சு வந்தால், "அதுக்குக் கணக்கு ஏறாது" என்று யாராவது முடித்துவைப்பார்கள்.

ஒருநாள் என் உடம்பைக் காட்டுவதற்காகப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கிளினிக் வரிசையின் முன்னால் யாரோ சரளமாகச் சிங்களம் பேசுவது கேட்டது. எட்டிப் பார்த்தால் அவள். பக்கத்தில், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும், சிங்களம் தெரியாத அவளுடைய அம்மா. தோட்டத்துக்குக் கீழே இருக்கும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டாக்டர் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள். விளங்காத இடத்தில் நிறுத்தி மறுபடி கேட்டாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, "இந்த மாத்திர சாப்பிட்டதுக்கு அப்புறம். சின்னது வெறும் வயித்துல. எங்க, நீ ஒருக்கா சொல்லு பாப்பம்" என்றாள். அம்மா சரியாகச் சொன்ன பிறகே நகர்ந்தாள். அதற்குள் பின்னால் நின்ற இன்னொரு பெண் தன் மருந்துத் துண்டை அவளிடம் நீட்டியிருந்தாள்.

அந்தக் காட்சி என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை. மறுநாள் அவளை அழைத்தேன். "டாக்டர் சொன்னத அம்மாவுக்கு எப்படிப் புரியவச்ச?"

"முழுசாக் கேட்டுட்டு, நாம என்ன செய்யணும்கிறத மட்டும் சொன்னேன் டீச்சர்."

"இந்தக் கணக்கையும் பக்கத்துல இருக்கிற புள்ளைக்கு அப்படியே சொல்லு. விடை வேணாம். என்ன கேக்குறாங்கன்னு மட்டும் சொல்லு."

கேலி செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேள்வியைக் கடைசி வரை வாசித்தாள். அவள் சொன்ன விதத்தில், பக்கத்துப் பிள்ளைக்கு மட்டுமல்ல, எனக்கே அந்தக் கணக்கு சுலபமாகத் தெரிந்தது. அன்றிலிருந்து கணக்கின் கேள்வியை வகுப்புக்கு விளக்குவது அவள் வேலையாயிற்று. விடைகளும் மெல்ல வரத் தொடங்கின.

ஆனால் தரம் பதினொன்றில் அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டேன். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். "இவ பரீட்சைல பாஸ் பண்ணுவான்னு உறுதியாச் சொல்லுவீங்களா டீச்சர்?" என்று அவளுடைய அப்பா கேட்டார். அவளுக்கு எது நன்றாக வருகிறது என்பதை மட்டும் சொன்னேன். அம்மாதான் கடைசியில், "அவ போயிட்டா எங்கூட ஆஸ்பத்திரிக்கு யாருங்க வர்றது?" என்றார். பயணம் நின்றது.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. அம்மாவுக்குத் துணையாகப் போனவளை லயத்தில் எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக்கு, பொலிசுக்கு, பிரதேச செயலகத்துக்கு. பரீட்சை நெருங்க நெருங்க அவளுடைய இடம் வகுப்பில் காலியாகவே கிடந்தது. எந்தத் திறமையை நம்பி அவளைத் தூக்கிவிட நினைத்தேனோ, அதுவே அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போயிற்று. பெற்றோரிடம் முறையிடலாமா, பள்ளி அதிபரிடம் சொல்லலாமா என்று தவித்தேன்.

வழியை அவளே கண்டுபிடித்தாள். மாலையில் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும் பெண்களை உட்காரவைத்து, எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, மருந்தை எப்போது எடுப்பது என்று சிங்களத்தில் கேட்கவும் சொல்லவும் பழக்கினாள். அவர்கள் சிரித்துச் சிரித்துப் படித்தார்கள். அவர்களே தனியாகப் போய்வரத் தொடங்கியதும் அவள் வகுப்புக்குத் திரும்பினாள்.

சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியது. "எங்க விட்டேன்னு எனக்குத் தெரியும் டீச்சர். திரும்ப எழுதுறேன்" என்றாள். எழுதினாள்.

பெறுபேறு வந்த அன்று நான் பெரகலச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். போன் அடித்தது. "எஸ் வந்திருக்கு டீச்சர்." சாதாரணச் சித்திதான், வெறும் தேர்ச்சி. ஆனால் வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டு, சந்தித் தெருவில் முன்னும் பின்னும் நடந்தேன்.

இப்போது அவள் பண்டாரவளையில் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். சென்ற வாரம் பேசும்போது, "இந்த வருஷம் உங்களத் தூங்கவிடாமப் பண்றது யாரு டீச்சர்?" என்று கேட்டாள்.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவனைப் பற்றிச் சொன்னேன்.

"அவனுக்கு என்ன நல்லா வரும்?"

"இன்னும் தெரியல."

"பள்ளிக்கூடத்துக்கு வெளிய பாத்தீங்களா?" என்றாள்.

நான் இன்னும் பார்க்கவில்லை.