ஒன்பது பேருக்கும் ஒரே பெயர்

அன்று வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் கணவர், அவருடைய தமையன், எங்கள் மகள், அவள் கட்டப்போகிற போலந்துக்காரப் பொடியன், அவனுடைய தாய். ஏழாவதாக ஒருவனும் வந்தான். அவனை நான் வாசற்படிக்கு இந்தப் பக்கம் விடவில்லை. ஆகவே கணக்கில் சேர்க்க மாட்டேன்.

பொடியனின் குடும்பப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஆளை உடனே பிடித்துவிடலாம். அது அப்படிப்பட்ட பெயர் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. முந்தி விளங்கியிருந்தால் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

எங்கள் வீட்டுப் பெயர் என் மாமனாருடைய பெயர். கனடாவுக்கு வந்த புதிதில் குடிவரவுப் போமில் கடைசிப் பெயர் கேட்ட இடத்தில் என் கணவர் தகப்பனின் பெயரை எழுதினார். வந்த சனமெல்லாம் அப்படித்தான் எழுதியது. ஸ்காபரோவில் ஏதாவது ஒரு பிளாசாவில் நின்று அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். நாலு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஒருமுறை ஒரு கிளினிக்கில் அதே பெயருள்ள வேறொருத்தியின் இரத்தப் பரிசோதனை முடிவை எனக்கு வாசித்துவிட்டார்கள். இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். பெயர் ஒன்றாயிருப்பதால் ஒரு மண்ணும் இல்லை என்று அன்றைக்குப் படித்துக்கொண்டேன். அந்தப் படிப்புத்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்கு ஒரு விஷயம் தெரியவேண்டுமென்றால் ஆரிடமாவது போய்க் கேட்கத்தான் தெரியும். எதற்கும் பயம் வேறு. மகள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தால் மூன்று தடவை போன் பண்ணுவேன். அடுப்பை நிறுத்தினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்த்திருக்கிறேன், அதுவும் வேலைக்குப் பிந்தியபடி. அந்தப் பெயரை மகள் முதன்முதல் சொன்னபோது அது என் வாயில் நிற்கவில்லை. உடனே கணவரின் தமையனுக்குப் போன் போட்டேன். முதல் பிழை அது.

அவர் வந்து, தன் போனில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தார். பெரிதாக ஒன்றும் வரவில்லை. அந்தப் பெயரில் ஆட்கள் குறைவு என்று மட்டும் தெரிந்தது.

"பார் பிள்ளை, உலகத்தையே காட்டுற போனுக்கு உவையைத் தெரியேல்லை. அவை என்ன ஆக்களெண்டு தெரியாமல் எப்பிடிப் பொம்பிளைப் பிள்ளையைக் குடுக்கிறது?"

"அவை வெள்ளைக்காரர், பெரியத்தான்."

"வெள்ளைக்காரரிலையும் ஆக்கள் இருக்கு."

இதை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன். வந்த நாளிலிருந்து ஒரு பேக்கரியில் மாப் பிசைந்த மனிதர். சம்பளம் தந்த முதலாளி என்ன ஆக்கள், என்ன சாதி என்று ஒருநாளாவது கேட்டாரா? அவர் அதோடு விடவுமில்லை.

"நல்ல சனமெண்டால் பெருகியிருக்கும். இவ்வளவு குறைஞ்சு போச்செண்டால் பரம்பரையிலை என்னவோ ஒரு நோய் வருத்தம் ஓடியிருக்கு. பிறகு அழுது பிரயோசனமில்லை."

அது போதும் எனக்கு. அதற்குப் பிறகு அந்தப் பொடியன் வீட்டுக்கு வந்து தும்மினாலும் நான் திடுக்கிட்டேன்.

தமையனார் கூட்டிக்கொண்டு போனது ஒரு தரகனிடம். சேலைக்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. சாதகம் பார்ப்பது, சம்பந்தம் பொருத்துவது, போம் நிரப்புவது, ஆள் விசாரிப்பது எல்லாம் அங்கேதான். ஆயிரத்து முந்நூறு டொலர் கேட்டான். பாதியை முன்னுக்கு வைக்கவேண்டும். நாங்கள் இருக்கிற மல்வேர்னிலிருந்து இரண்டு பஸ் மாறிப்போய், குளிரறையில் நின்று சலாட் இலை பொதி செய்கிறவள் நான். ஓவர்டைம் காசில் அறுநூற்றைம்பதை எண்ணிக் கொடுத்தேன். தமையனார் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்.

"அக்கா, பேர் குறைவெண்டால் எனக்கு வேலை லேசு," என்றான் தரகன். "அந்த நாட்டிலை அதே பேரோட இருக்கிற ஆக்களாப் பாத்து எழுதிக் கேக்கிறன். அயலட்டையிலை விசாரிக்கிற மாதிரித்தான். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மூச்சும் போகாது."

எனக்கு அது சரியாகவே பட்டது. எங்கள் ஊர் வழக்கம் அது. மாப்பிள்ளை வீட்டாரிடம் நேரே கேட்பதில்லை. சந்திக் கடையில், கோயிலில், பக்கத்து வளவில் கேட்போம். அவர்களும் எங்களைப் பற்றி அப்படிக் கேட்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் தெரியும், ஒருவரும் கோபிப்பதில்லை. அதே பெயருள்ள போலந்துக்காரர் என்றால் பிளாசாவில் திரும்பிப் பார்க்கிற நாலு பேர் மாதிரித்தான், ஆரோ எவரோ என்று நினைத்தேன். தரகனும் அப்படித்தான் நினைத்தான்.

எங்கள் கலியாணங்களுக்கு வைத்திருக்கிற அதே தாளை எடுத்து வாசித்தான். குடும்பத்தில் விசர், பைத்தியம், வலிப்பு உண்டா? தூக்குப் போட்டவர்கள் உண்டா? குடி? காணி எவ்வளவு? என்ன தொழில் செய்த ஆக்கள்? ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறீர்கள்? கடைசியில், கடன் இருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். ஒரு கேள்வியை நானாகவே சேர்க்கச் சொன்னேன்: நித்திரையில் எழும்பி நடக்கிறவர்கள் இருக்கிறார்களா? ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. என் சித்தப்பா ஒருவர் அப்படி நடந்து கிணற்றடி வரை போனவர். அந்தப் பயம் எனக்கு.

அவன் அதைப் போனில் போலந்து மொழிக்கு மாற்றி, கண்டெடுத்த முகவரிகளுக்கெல்லாம் தபாலில் போட்டான். மொத்தம் ஒன்பது.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்பந்திகள் முதன்முதலாகச் சந்திக்கிற சாப்பாடு. பொடியனின் தாய் கசகசா வைத்துச் சுருட்டிய கேக் ஒன்றோடு வந்தார். புருஷன் செத்துப் பத்து வருடமாகத் தனியே நின்று மகனை ஆளாக்கியவர். கேக்கை மேசையில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் போனை வைத்தார். போனில் அந்தக் கடிதத்தின் படம். அவர் ஆங்கிலத்தில் பேசியதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அவர் பேசிய விதத்துக்கு அதுதான் பொருந்தும்.

"என்ரை மனுசன்ரை தமக்கை முந்தநாள் போன் எடுத்தவ. பிறகு சித்தப்பாவின்ரை மகன். பிறகு மற்றவை. கனடாக் கடிதமெண்டதாலை ஒரே நாளிலை ஒன்பது பேரும் எனக்குப் போன். இந்தப் பேரோட அங்கை இருக்கிறதே அந்த ஒன்பது பேர்தான். எல்லாரும் ஒரே குடும்பம், ஒருத்தரும் பிறத்தி இல்லை. தூக்குப் போட்டவையோ எண்டு ஆர் கேட்டது?"

என் கை குளிர்ந்துபோனது. குளிரறையிலும் அப்படிக் குளிர்ந்ததில்லை.

தமையனார் தொண்டையைச் செருமினார். "எங்கடை வழமை அப்பிடி. நான் சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான். காசு குடுத்து எழுதுவிச்சது பிள்ளைதான்."

என்னைக் காட்டிய அந்த விரலை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. தரகன். கையில் ஒரு பைல், முகத்தில் ஒரு சிரிப்பு. "அக்கா, எல்லாம் முடிஞ்சுது. மிச்சக் காசு." பைலைப் பறித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். அதை ஒளிக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. பொடியனின் தாய் கையை நீட்டினார், கொடுத்தேன்.

பெயரின் பிறப்பு என்று ஒரு பக்கம். மூன்று ஊகம்: ஓர் ஆற்றின் பெயராக இருக்கலாம், ஒரு ஆயுதத்தின் பெயராக இருக்கலாம், ஒருவனுக்கு வைத்த பட்டப்பெயராக இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம், அதற்கு அறுநூற்றைம்பது. அடுத்த பக்கத்தில் போலந்து வரைபடத்தில் ஒன்பது சிவப்புப் புள்ளி. அதற்கடுத்ததில் வாள் பிடித்த சிங்கம், குடும்பச் சின்னமாம்.

"சிங்கமோ?" என்றார் அவர். "அவை வளர்த்தது பண்டி." பைலை மூடினார். "அது ஒரு சின்ன ஊரின்ரை பேர். ஊர் இப்ப இல்லை. உலகச் சண்டைக்குள்ளை சனத்தோட சேர்த்து எரிச்சவங்கள். தப்பினது ரெண்டு பொடியங்கள். அவங்கடை பிள்ளையளும் பேரப்பிள்ளையளும்தான் உந்தப் புள்ளியள். ஏன் குறைவெண்டு கேட்டியள்."

என் கணவர் எழுந்து குசினிக்குள் போனார். பைப்பைத் திறந்து விட்டபடி நெடுநேரம் நின்றார். அவருடைய ஊரிலும் சண்டைக்குப் பிறகு எங்கள் சொந்தக்காரர் எத்தனை பேர் என்று எண்ண ஒரு கை போதும். இதைத் தெரிந்துகொண்டும் நாங்கள் அந்தக் கேள்வியைத் தபாலில் போட்டோம். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. தமையனார்மேல் பாதி, மிச்சம் முழுக்க என்மேல்.

"உங்கடை மகளைப் பற்றி நான் ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை," என்றார் அவர். "அவளிட்டையே கேட்டனான்."

மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். "நீங்கள் ஏன் என்னட்டைக் கேக்கேல்லை அம்மா? ஐ வாஸ் ரைட் ஹியர்," என்றாள். கோட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு போனாள். கலியாணத்துக்கென்று சேர்த்த காசில் டிக்கெட் போட இருந்த பெரிய மாமி, முதலில் போன் எடுத்த அந்தத் தமக்கை, தகப்பன் பக்கத்தில் மிஞ்சியிருக்கிற மூத்தவ, இனி வரமாட்டாவாம் என்று பொடியன் கதவடியில் சொன்னான். அவ வராமல் தாலி இல்லை என்று மகள் சொன்னாள்.

மேசையில் ஒரு கோப்பையும் தொடாமல் கிடந்தது. தமையனார் போகும்போது கேக்கில் பாதியை வெட்டி அலுமினியப் போயிலில் சுற்றிக்கொண்டு போனார். கேக் நல்லதாம்.

ஐந்து கிழமை மகள் என்னோடு கதைக்கவில்லை. மூன்று தடவை போன் பண்ணுகிறவளுக்கு ஐந்து கிழமை. வேலைக்கிடையில் போனைப் பார்க்கக்கூடாது என்பதால் கழிவறைக்குப் போய்ப் போய்ப் பார்த்தேன். சுப்பவைசர் ஏதாவது வருத்தமா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

கடைசியில் நானே ஒரு கடிதம் எழுதினேன். தமிழில், கொப்பித் தாளில், நாலு தரம் கிழித்து. அந்தப் பெரிய மாமிக்கு. பிழை என்னுடையது, பொடியனில் ஒரு குறையும் இல்லை, என் மகளிலும் இல்லை, எனக்கு எல்லாவற்றுக்கும் பயம், நான் படிக்காதவள் என்று எழுதினேன். படிக்காதவள் என்பதை வெட்டினேன். அது சாட்டுப்போக்கு. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். அவள் ஆங்கிலமாக்க வேண்டும், பொடியனின் தாய் போலந்து மொழியாக்க வேண்டும். மகளிடமிருந்து 'ஓகே' என்று ஒரே சொல் வந்தது. அதை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

போன சனிக்கிழமை மகள் வந்தாள். கோட்டைக் கழற்றாமல் மேசையில் இருந்தாள்.

"மறுமொழி வந்திருக்கு," என்றாள். என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்து வாசித்தாள்.

அந்த மனுசி என் மன்னிப்பைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. தரகனின் தாளில் இருந்த கேள்விகளுக்கு வரிசையாக மறுமொழி எழுதியிருந்தா. விசர்: இல்லை, ஆனால் ஒரு மருமகன் மீன் பிடிக்கப் போனால் திரும்பி வருவதில்லை. தூக்கு: இல்லை, ஆற்றில் போனவர் ஒருவர், அது தவறி விழுந்தது. குடி: ஓம், இரண்டு பேர், இருவரும் இப்போது விட்டாச்சு. காணி: பின்வளவில் உருளைக்கிழங்கு போடும் அளவுக்கு. தொழில்: பன்றி. நித்திரையில் நடப்பது: நான். கடன்: இல்லை.

மகளின் வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பென்று சத்தியம் பண்ண மாட்டேன்.

"இன்னும் இருக்கு அம்மா. 'இனி என்ரை முறை. அதே கேள்வியள். உங்கடை குடும்பம் மறுமொழி சொன்னால் நான் டிக்கெட்டைப் பற்றி யோசிக்கிறன்.'"

பேனையை எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஊர் விதானையார் குடும்பக் கணக்குப் பதிகிற மாதிரி. விசர் என்றாள். "என்னைப் போடு," என்றேன். நித்திரையில் நடப்பது என்றாள். சித்தப்பாவைச் சொன்னேன். அவரை அவள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. கிணற்றடி வரை போனதையும் எழுதினாள். காணி எவ்வளவு என்றாள். இருந்தது, இப்போது ஆர் இருக்கிறார்களோ தெரியாது என்றேன். ஏன் குறைவாக இருக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் பேர்களைச் சொல்லத் தொடங்கினேன். அவள் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு எழுதினாள்.

"கடைசி. கடன் இருக்கோ?"

"வீட்டுக்கடன் வங்கிக்கு. அது எல்லாருக்கும் தெரிஞ்சது. வேறை ஒண்டு இருக்கு. அந்தத் தரகனுக்கு மிச்சம்."

"அதை இன்னும் குடுக்கேல்லையா?"

"கிழமைக்கு ரெண்டு தரம் போன் எடுக்கிறான். பெரியப்பாவைக் கேள் எண்டு சொல்லிப்போட்டு வைக்கிறன்."

"தொகையையும் எழுதட்டோ?"

"எழுது. ஒளிக்க இனி என்ன இருக்கு. அறுநூற்றைம்பது டொலர்."