தேவகி அக்காவின் முஷ்டிக் கட்டை

சேகரின் அழைப்பு வந்தபோது நான் சைதாப்பேட்டை நீதிமன்ற வாசலில் ஒரு தீர்ப்புக்காகக் காத்திருந்தேன். "சார், அண்ணி பூட்டாங்க" என்றார். காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம்.

தேவகி அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு சுற்றுலாப் பேருந்து. முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே. கணவரின் தம்பி சேகர் மாற்று ஓட்டுநர். அக்காவின் வண்டியில் ஏறிய உங்களில் பலர் அந்த வலது கையைப் பார்த்திருப்பீர்கள். அதில் இரண்டு விரல்கள் முழுதாக மடங்காது. கேட்டால், "வண்டி கை குலுக்குச்சு, விட மறந்துடுச்சு" என்பார். அந்தக் கைகுலுக்கலின்போது நான் அருகில் இருந்தேன்.

சுற்றுலாப் பேருந்துகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவதற்காக அன்று அவர் வண்டியில் ஏறியிருந்தேன். நங்கநல்லூர்ப் பெரியவர்களின் ஒருநாள் கோயில் பயணம். மயிலாப்பூரில் தரிசனம் முடித்துக் கிளம்பிய சிறிது நேரத்தில் வண்டி இடதுபுறம் சாய்ந்தது. ரப்பர் கருகும் வாடை வந்தது. ஆட்டோக்கள் பின்னால் நெருக்க, ஒரு சந்தில் மதில் சுவரை ஒட்டி நிறுத்தினார். சுவருக்கும் வண்டிக்கும் இடையே ஒல்லியான ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவே இடம்.

அந்த வண்டி நிற்பது ஸ்பிரிங் பட்டையின் மேல் அல்ல, ரப்பர் பைகளில் அடைத்த காற்றின் மேல். ஒரு பையில் காற்று இறங்கினால் அந்தப் பக்கத்து உடல் டயரின் மேல் வந்து உட்கார்ந்துவிடும். பின் இடது பையில் கசிவு. சேகர் என்ஜினை ஓட்டிக் காற்றேற்றி வண்டியைத் தூக்கிவிட்டு அணைத்தார். டயருக்கும் மேல் வளைவுக்கும் நடுவே இடைவெளி போதுமா என்று பார்க்க, அவர்கள் வழக்கப்படி, அக்கா அந்த இடுக்கில் நுழைந்து உள்ளே முஷ்டியை விட்டார். முஷ்டி நுழைந்தால் வண்டி போகும் என்பது ஷெட்டுகளில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. பை அந்த நேரத்தில் கிழிந்தது. வண்டி இறங்கிக் கையைப் பிடித்துக்கொண்டது.

அவர் கத்தவில்லை. சேகர்தான் பதறினார். "அண்ணி, என்ஜினப் போட்றேன், ஏறிக்கும்."

"போட்டேன்னா உன்ன சும்மா உடமாட்டேன். வலது பை மட்டும்தான் ஏறும். மொத்த வெயிட்டும் எம்மேல சாயும். சாவியக் கழட்டி ரிப்போர்ட்டர்கிட்ட குடு."

ஜாக்கி இருந்த பெட்டியின் கதவு சுவர்ப் பக்கம் இருந்ததால் அதைத் திறக்க வழியில்லை. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது; ஆனால் அது வரவேண்டிய சந்தை அடைத்துக்கொண்டு நின்றது எங்கள் வண்டிதான். உள்ளே குளிர்சாதனம் நின்றுபோய் எல்லோரும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாமி ஜன்னல் வழியாகக் கேட்டார்: "நாங்க எறங்கிண்டா கனம் கொறையுமோன்னோ?"

"நீங்க அசைஞ்சாலே வண்டி அசையுது மாமி. ஸ்லோகம் சொல்லிக்கினு உக்காருங்க" என்றார் அக்கா.

"ஸ்லோகமெல்லாம் கார்த்தாலயே ஆயிடுத்து" என்றார் மாமி. ஆனாலும் அதன்பின் ஒருவரும் அசையவில்லை.

சேகர் பருத்தவர், அந்த இடுக்கில் அவரால் நுழைய முடியாது. நான் நுழைந்தேன். முதுகில் சுவர், மூக்கருகே சக்கரம். அக்காவின் முகம் என் தோளுக்குப் பக்கத்தில் வெளுத்திருந்தது. பின்சக்கரத்தில் டயர்கள் ஜோடியாக இருக்கும். அக்காவின் கை சிக்கியிருந்தது வெளி டயரின் மேல். வெளி டயரின் காற்றை இறக்கினால் அது இளகும், கை வரும். அதுவரை உள் டயர் வண்டியைத் தாங்கும். மாற்றி உள் டயரைத் திறந்துவிட்டால் வண்டி வெளி டயரின் மேல் இன்னும் அழுந்தும். கை போய்விடும். வால்வு ஊசியைக் கழற்றும் சிறு திருகி அந்தச் சாவிக்கொத்திலேயே தொங்கியது.

"ரெண்டு வால்வு கீது பாரு. நீளமா இருக்கறது உள் டயரு. குட்டைதான் வெளி டயரு. இன்னா தொடப்போறியோ அத மொதல்ல வாயால சொல்லு. அப்பால தொடு."

குனிந்து பார்க்க இடமில்லை. விரலால் தடவித்தான் தேட வேண்டியிருந்தது. ஒன்று கிடைத்தது. 'குட்டை' என்று சொல்ல வாயைத் திறந்தபோது விரல் அதன்மேல் இன்னும் நகர்ந்துகொண்டே போனது. அது நீளமானது. கையை எடுத்தேன். பக்கத்தில் மற்றொன்று இருந்தது. "குட்டை. வெளி டயர்" என்றேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

மறுபடி சொல்லிவிட்டுத் திருகினேன். காற்று சீறியது. அந்தச் சீறல் முடிய இவ்வளவு நேரமாகும் என்று நான் நினைக்கவில்லை. எதையாவது பேசிக்கொண்டே இரு என்றார் அக்கா. என்ன பேசினேன் என்று நினைவில்லை. "இழுங்க அண்ணி" என்று சேகர் அந்தப் பக்கமிருந்து கெஞ்சினார். "அவசரப்பட்டா தோலுதான் வரும்" என்றார் அக்கா. சத்தம் அடங்கியதும் சேகர் பின்னாலிருந்து கம்பியை நுழைத்து டயரை அழுத்தினார். கை வந்தது.

வெளியே வந்து தரையில் உட்கார்ந்தவர் கையைப் பார்க்கவில்லை, டயரைத்தான் பார்த்தார். "ஒரு சைஸ் பெருசு. கெடைச்சத நான்தான் மாட்டினேன். சேகர் மேல தப்பு இல்ல." அதன்பிறகுதான் அழுதார்.

கட்டு பிரித்ததும் இடது முஷ்டியை அளவு வைத்து ஒரு மரக்கட்டை செதுக்கச் செய்தார். இடைவெளி பார்ப்பதற்கு இனி கட்டை மட்டுமே. தி.நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் ஊழியர்களைத் திருவிழாவுக்கு ஏற்றி அமர்த்திவிட்ட நாளில் கட்டை நுழையவில்லை. அக்கா எல்லோரையும் இறங்கச் சொன்னார். "கட்ட என்ன சாமி வாக்காம்மா?" என்று அண்ணாச்சி நக்கலடித்தார். அக்கா அந்தக் கையை மடக்கிக் காட்டினார். அது பாதிதான் மடங்கியது. அண்ணாச்சியே முன்னால் நின்று எல்லோரையும் இறக்கினார்.

பேருந்தின் அடியில் எங்கேயாவது காற்று சீறினால் இன்றும் எனக்கு முதுகில் சுவர் படுகிறது. அக்காவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "எனக்கு மட்டும் இன்னா? வண்டிய வுட்டு எறங்குனா ஒனக்கு முடிஞ்சிது. எனக்கு அதான சோறு" என்றார்.

அடக்கத்துக்கு முன் சேகர் அந்தக் கட்டையைக் கொண்டுவந்து பாதி மடங்கிய விரல்களுக்குள் வைத்தார். சரியாகப் பொருந்தியது. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார். "நாளான்னிக்கு டிரிப்பு கீது அண்ணி" என்றார்.

கட்டை போகவேண்டிய இடத்துக்குப் போயிற்று. என்னிடம் இருப்பது அவர் குரல் மட்டும். ஒரு செய்தியில் ஒருவர் பெயரை எழுதுவதற்கு முன் இன்றும் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். இன்னொரு வாட்டி சொல்லு என்கிறார் அக்கா. சொல்கிறேன்.