நாற்பதாம் நம்பர் எண்ணெய்

ஒரு நல்ல டிரைவரின் பெயரைக் கெடுத்தவன் நான். கார் எஞ்சினைக் கெடுத்தவனும் நானே. பழியை மட்டும் அவர் தலையில் போட்டேன். இத்தனை வருடங்களில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அந்த மனிதருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல! அவருடைய நல்ல மனசால்தான் என் பட்டறை நிலைத்தது. என் பிள்ளைகள் படித்து ஆளானார்கள். அவரை நினைத்தாலே நெஞ்சு நிறைகிறது... அடுத்த கணமே கூசிப்போகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். அதற்கு முன் எனக்குத் தெரிந்ததெல்லாம் பழைய லாரிகளும், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத்தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சின்களும்தான். அவற்றுக்குக் கெட்டியான நாற்பதாம் நம்பர் எண்ணெய்தான் ஊற்றுவோம். எண்ணெயைச் சோதிக்க எங்களுக்கு ஒரே வழி உண்டு. ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்போம். பிசுபிசுவென்று நூல் இழுத்தால் நல்ல எண்ணெய். வழுக்கி ஓடினால் மட்டம். எங்கள் படிப்பு அவ்வளவுதான்!

அப்போதுதான் ஒரு டாக்டரம்மாவின் சின்ன கார் என்னிடம் வந்தது. புது மாதிரி பெட்ரோல் வண்டி. டிரைவர் மேலப்பாளையத்து யூசுப் பாய். பிரசவ கேஸ் என்று விடியற்காலையில் அழைப்பு வரும். அடுத்த நிமிடம் வண்டி வாசலில் நிற்கும். தினமும் எண்ணெய் அளவு பார்க்காமல் சாவியைத் திருப்பமாட்டார். அப்படி ஒரு மனிதர்.

பழைய எண்ணெயை இறக்கி, விரலில் தேய்த்துப் பார்த்துச் சிரித்தேன். நாற்பதாம் நம்பரை ஊற்றினேன்.

“அண்ணாச்சி, முன்ன இருந்தது தண்ணி மாதிரில்லா இருந்துச்சு. இது பாகு மாதிரி இறங்குதே?” என்றார் பாய்.

“நம்ம ஊரு வெயிலுக்குத் தண்ணி எண்ணெய் தாங்குமா பாய்? இதுதான் எஞ்சினுக்குத் தெம்பு.”

அவர் நம்பினார். சில மாதம் கழித்து வந்து, “காலைல ஸ்டார்ட் பண்ணுன ஒடனே மேல டக்கு டக்குன்னு தட்டுது. பொறவு சத்தம் நின்னுருது” என்றார். சின்ன வண்டி என்றால் அப்படித்தான் சத்தம் போடும் என்று சொல்லி அனுப்பினேன். கேட்கவாவது செய்தேனா? பானெட்டைக்கூடத் திறக்கவில்லை!

ஒருநாள் விடியற்காலையில் ஆற்றுப்பாலத்தின் மேல் கார் நின்றுவிட்டது. டாக்டரம்மா ஆட்டோ பிடித்துப் பிரசவம் பார்க்கப் போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்காகக் கடவுளுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

எஞ்சினைப் பிரித்தேன். அடிப்பாகம் நன்றாக இருந்தது. மேலே, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு தேய்ந்து, வரிவரியாகக் கீறல் விழுந்து, இறுகிக் கிடந்தது. டேஷ்போர்டில் வண்டியின் புத்தகம் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். எண்ணெய்க்கென்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். அதில் என் நாற்பதாம் நம்பர் எங்கும் இல்லை. மெல்லிய எண்ணெயின் எண்தான் இருந்தது.

அப்போதுதான் புரிந்தது... பழைய எஞ்சினில் கேம் தண்டு கீழே, எண்ணெய்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும். உள்ளே இடைவெளிகளும் தாராளம். அவற்றை அடைத்து நிற்கக் கெட்டி எண்ணெய் வேண்டும். இந்தப் புது எஞ்சினிலோ கேம் உச்சியில். எண்ணெய் ஏறும் துளைகள் ஊசித்துளைகள், இடைவெளி மயிரிழை. குளிர்ந்த எஞ்சினில் என் பாகு மேலே ஏறிச்சேரும்வரை இரும்பு இரும்போடு உரசியது. ஒவ்வொரு விடியலிலும்! அந்த டக் டக் சத்தம் அதைத்தான் சொன்னது.

டாக்டரம்மாவும் பாயும் வந்து நின்றார்கள். “ஏன் இப்படி ஆச்சு?” என்று டாக்டரம்மா கேட்டார்.

புத்தகம் என் சட்டைக்குள் இருந்தது. பட்டறை தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாய் தானாகப் பேசியது.

“காலைல எஞ்சின் சூடாவுததுக்கு முன்னாலயே மிதிச்சு வெரட்டிருக்காரும்மா. அதான் மேல தேஞ்சுபோச்சு.” பிறகு மனசு கேட்காமல் சேர்த்துக்கொண்டேன்: “வேணும்னு செய்யல. நல்ல மனுசன்.”

அன்றோடு அவர் வேலை போயிற்று.

மறுநாள் பாய் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நீங்க அந்த ரெண்டு வார்த்த சொல்லலன்னா, வேணும்னே கெடுத்தேன்னு நெனச்சிருப்பாவ அண்ணாச்சி. ஒங்களுக்கு அல்லா நல்லது செய்வான்.” கண் கலங்கியிருந்தது. ஐயோ, நான் என்ன பிறவி!

அதோடு விட்டாரா? வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் மேலப்பாளையத்தில் கார் வாங்கிய அத்தனை பேரையும் என்னிடம் அழைத்துவந்தார். நான் ஒளித்துவைத்த புத்தகத்தின்படி மெல்லிய எண்ணெய் ஊற்றினேன். எஞ்சின்கள் சத்தமில்லாமல் ஓடின. சின்ன கார் என்றால் நான்தான் என்று பேராயிற்று. அந்தப் பேரைக் கொடுத்தவர் வாழைத்தார் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

சில வருடம் கழித்து, வெளிநாட்டிலிருந்த அவர் தம்பி அதே மாதிரி ஒரு கார் வாங்கிக் கொடுத்தார். பாய் ஓடோடி வந்தார். “வாடகைக்கு ஓட்டச் சொல்லுதான் அண்ணாச்சி. ஆனா நம்ம காலுக்கு இந்த எஞ்சின் ஆவாது, நீங்கதான சொன்னிய. தம்பி சொத்த நானே கெடுத்துறக் கூடாது. நல்ல டிரைவரா ஒரு ஆளு பாத்துத் தாங்க.”

உங்கள் காலில் ஒரு குற்றமும் இல்லை பாய்... தொண்டைவரை வந்தது. பெஞ்சில் மூன்று பேர் தங்கள் காருக்காகக் காத்திருந்தார்கள். மூவரும் அவர் அழைத்துவந்தவர்கள்.

“சரி பாய், பாக்கேன்” என்றேன்.

ஆள் பார்த்தும் கொடுத்தேன். என் பட்டறை வாசலில் வைத்துத்தான் பாய் அவனிடம் சாவியைக் கொடுத்தார். “காலைல பைய எடுக்கணும், என்னா? அண்ணாச்சி சொல்லுதபடி கேட்டுக்க” என்றார். பிறகு, எங்கள் ஊரிலேயே ஆகச் சிறந்த டிரைவர், தன் வீட்டுக் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, நன்றியோடு கை காட்டினார்.

நானும் கை காட்டினேன்.