கிளச்சுக்கு வைத்த நல்லெண்ணெய்

இதை எழுதவென்று பேனையை எடுப்பதும் வைப்பதுமாகவே மூன்று வருடம் போய்விட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் எழுத்துப் பிழைக்காகப் பயப்படவில்லை. பொய் சொன்னதை எழுதவேண்டுமே, அதுதான்.

மகன் கனடாவுக்குப் போகும்போது தன்னுடைய ரிமோட் காரை என்னிடம் விட்டுப்போனான். முழங்கை நீளம்தான், ஆனால் உண்மையான எஞ்சின். "சும்மா வைச்சால் இறுகிப்போகுமப்பா. கிழமைக்கு ஒருக்கா முத்தத்திலை ஓட்டுங்கோ" என்றான். மனைவி காலமான பிறகு வீட்டில் சத்தம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஞாயிறு பின்னேரங்களில் மட்டும் கனடாவிலிருந்து தொலைபேசி எடுப்பான்.

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம் தம்பி."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

அவ்வளவுதான்.

ஒருநாள் எஞ்சின் கத்தியது, கார் அசையவில்லை. அதைச் சொன்னதும் மகனின் குரலே மாறிவிட்டது. "கிளச் சூ வழுக்குது. கழட்டிப் பாருங்கோ." எஞ்சின் வேகமெடுக்கும்போது விரிந்து, தம்மைச் சுற்றியிருக்கும் இரும்புக் கிண்ணத்தைப் பிடித்துக் காரை இழுக்கவைக்கிற நகமளவு துண்டுகள் அவை. அலுமினியத்திலும் வரும், கறுப்புப் பிளாஸ்டிக் கலவையிலும் வரும். அலுமினியம் வெட்டிப் பிடிக்கும், கிண்ணத்தை அராவிவிடும். கறுப்பு பதமாகப் பிடிக்கும், கெதியில் தேயும். எங்கள் வெயிலுக்கு எது நல்லது? இதைக் கதைக்க மகன் தினமும் எடுத்தான்.

கனடாவிலிருந்து திருவிழாவுக்கு வந்தவர்களிடம் கறுப்புச் சூ கொடுத்துவிட்டான். ஒரு கிழமை ஓடியது, மறுபடி வழுக்கியது. கொக்குவிலில் லேத் வேலை செய்பவரிடம் கொண்டுபோனேன். கழற்றி மூக்கருகே பிடித்தார்.

"அண்ணை, நல்லெண்ணெய் மணக்குது. கிளச்சுக்கு விளக்கு வைச்சனீங்களோ?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்கு விளக்கேற்றிய கையோடு, மகனின் காருக்கும் சந்தனப் பொட்டு வைத்து, துருப்பிடிக்காதிருக்கச் சுழலும் இடத்தில் அந்த எண்ணெயில் ஒரு சொட்டு விடுவேன். அவர் சிரித்துக்கொண்டே பெற்றோலில் கழுவி, அதே கறுப்புச் சூவைப் பூட்டித் தந்தார். கார் சீறிக்கொண்டு ஓடியது.

அன்று பின்னேரம் மகன் கேட்டான்: "என்னப்பா, இப்பவும் வழுக்குதோ?"

சரிவந்துவிட்டது என்றால் நாளைக்கு என்னத்தைக் கதைப்பது? "ஓம் தம்பி, வழுக்குது" என்றேன்.

அப்படியே நாலு மாதம். சுவாமித் தட்டுக்கு முன்னால் நின்று திருநீறு பூசும்போது பிள்ளையாரின் முகத்தைப் பார்க்கமாட்டேன். பின்னேரம் தொலைபேசி மணி அடித்ததும் அதே பொய்யைச் சொல்லுவேன். கடைசியாக அலுமினியச் சூவும் புதுக் கிண்ணமும் பார்சலில் வந்தன. "வேலை முடிஞ்சு ரெண்டு பஸ் மாறிப் போய் வாங்கினனான், அப்பா. இதுவும் சரிவராட்டி என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை." களைத்த குரல். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"சரிவந்திட்டுது தம்பி. அலுமினியந்தான் சரி." அதைப் பூட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவனுக்குப் பெரிய சந்தோசம். மறுநாள் எடுக்கவில்லை. பழையபடி ஞாயிறு, பழையபடி "வேறை?"

போன மாதம் சாவகச்சேரியிலிருந்து, இதே மாதிரிக் கார் வைத்திருக்கும் ஒருவர், அராவிப்போன கிண்ணத்தோடு படலையைத் தட்டினார். "ஐயா, யாழ்ப்பாண வெயிலுக்கு அலுமினியந்தானெண்டு உங்கடை மகன் இன்ரநெற்றிலை எல்லாருக்கும் சொல்லுறார். அப்பா ஓட்டிப் பாத்தவராம். நம்பிப் போட்டன், பாருங்கோ."

என்னிடமிருந்த புதுக் கிண்ணத்தையும் கறுப்புச் சூவையும் அவரிடம் கொடுத்தேன். நடந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கறுப்பே போதும். எண்ணெய் படவிடாதீர்கள். இதை மற்றவர்களுக்குச் சொல்பவர்கள் அந்த இரண்டு வரியோடு நிறுத்தாமல், நான் சொன்ன பொய்யையும் ஒரு சொல் குறைக்காமல் சொல்லுங்கள். மகனின் காதுக்கும் போகட்டும். கோபத்திலாவது ஞாயிறல்லாத ஒரு நாளில் எடுப்பான்.