பொத்தேரியில் ஞாயிறு, வான்கூவரில் சனி

இங்கே நான் கண் விழிக்கும்போது ஊரில் பகல் முடிந்திருக்கும். எங்கள் பீர்க்கன்கரணையில் மழை பெய்து, கரண்ட் போய், திரும்பி வந்து, காலேஜ் குரூப்பில் ஒருத்தனை ஒருத்தன் கலாய்த்தும் ஓய்ந்திருப்பார்கள். போர்வைக்குள் கிடந்தபடி, நனைந்து காய்ந்துவிட்ட தெருக்களை வாசிப்பேன். வான்கூவர் வந்து இரண்டு வருடமாகியும் இது கனவின் மிச்சம் மாதிரிதான் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஆபீசில் இருந்தபோது வேலு கூப்பிட்டான். அவனுக்கு அப்போது சனி காலை.

“இன்னாடா மச்சான், பேஜார் பண்ற? கடை நாளைக்கு ஞாயித்துக்கிழமை தொறக்குறேன். உன் பேஜ்ல திங்கள்னு கீது!”

“இங்க ஞாயிறுன்னுதான்டா காட்டுது. ரீஃப்ரெஷ் பண்ணு.”

“அதான் பண்ணிகினே கீறேன். வெடியகால அப்பா போட்ல மீனு வந்துரும். திங்கக்கெழம வரைக்கும் இருன்னு அதுக்கிட்ட நீ வந்து சொல்றியா?”

வேலு கோவளத்துக் கடற்கரைக்காரன். காலேஜ் நாட்களில் எங்கள் பொத்தேரி ரூமில் அவன் டப்பாவைத் திறந்தால் மாடி முழுக்க வஞ்சிரம் மணக்கும். பாதித் துண்டு என் வாயில் இருக்கும்போதே, “இதே தெருவுல மீன் கடை போடுவேன் பாரு” என்பான். போட்டேவிட்டான், பார்த்த வேலையையும் விட்டுவிட்டு. அந்தக் கடைக்கு வெப்சைட் மட்டும் நான்.

வெப்சைட்டின் கோடிங்கைத் திறந்து பார்த்தேன். வெறும் தேதியை மட்டும் கொடுத்தால் பிரவுசர் அதை லண்டன் பக்கத்து நேரப்படி நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வான்கூவரில் முந்தின நாள் மாலைதான். அதனால் முதலில் எழுதியபோது என் திரையில் சனி என்று வந்திருந்தது. நான் பெரிய மேதாவி, ஒரு நாளைக் கூட்டிவிட்டிருந்தேன். எனக்கு ஞாயிறு சரியானது, பொத்தேரிக்குத் திங்களாகிவிட்டது.

பக்கத்து சீட் மார்க் என்ன அவசரம் என்று கேட்டான். “நாளைக்கு ஞாயிறு, கடை திறப்பு” என்றேன். “நாளைக்குச் சனி” என்றான் மிக மென்மையாக. “கடைக்கு ஞாயிறு” என்றேன். வேலை அதிகமாகி எனக்கு ஏதோ ஆகிவிட்டதாக நினைத்து, ஒரு காபி கொண்டுவந்து வைத்தான்.

கூட்டிய நாளை எடுத்தேன். தேதியோடு திறக்கும் நேரத்தையும், அது இந்திய நேரம் என்பதையும் சேர்த்து எழுதினேன்.

“இப்ப ஞாயிறுனு வருது மச்சான்!” வேலு கத்தினான். என் திரையில் சனி இரவு என்றிருந்தது. இந்த முறை கை வைக்கவில்லை.

சனிக்கிழமை இரவு சாப்பிட்டு முடித்து உட்கார்ந்தபோது வீடியோ காலில் வந்தான். பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம். கடை வாசலில் பசங்க கூட்டம்.

“மச்சான்னா ஓசியா? நீயும் லைன்ல நில்லு” என்று போனைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் சாய்த்துவைத்தான்.

முன்னால் நின்ற பையன் திரும்பிப் பார்த்தான். “அண்ணா, இது யாரு போன்?”

“போன் இல்லடா, எங்க மச்சான். அவனும் நிக்கிறான்.”

வெளியே வான்கூவர் தெரு சனிக்கிழமையாக, ஆளரவமில்லாமல் கிடந்தது. வரிசை நகர்ந்தது. முகம் தெரியாத கை ஒன்று, ஸ்டூலோடு சேர்த்து என்னை ஓர் அடி முன்னால் நகர்த்தி வைத்தது.