சாவித் துவாரத்துச் சந்தனம்

என் கணவர் விடுப்பில் வந்தால் முதல் இரண்டு நாள் தூங்குவார். மூன்றாம் நாள் காலையில் எழுந்து, காபியைக் குடித்துக்கொண்டே, வீட்டில் எது எது சத்தம் போடுகிறது என்று காது கொடுத்துக் கேட்பார். நான் போடுகிற சத்தம் மட்டும் அந்தக் காதில் விழாது.

மஸ்கட்டில் ஒரு கம்பெனியின் வண்டிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்தார். வருடத்தில் பதினோரு மாதம் அங்கே, ஒரு மாதம் நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில். அந்தப் பதினோரு மாதமும் வயலையும் வீட்டையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டது நான். ஒரே மகள் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

நான் சொல்லப்போவது அவருடைய கடைசி விடுப்பைப் பற்றி. இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் மகளின் படிப்பும் முடியும், அவருடைய ஒப்பந்தமும் முடியும், ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடலாம் என்று இருந்தோம். ஆனால் அந்த வருடம் பார்த்துக் கம்பெனியில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். விடுப்பு முடிந்து ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறையில் வந்து நிற்காதவனுக்கு வேலை கிடையாது என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை மாலை திருச்சியிலிருந்து விமானம். ஆயுத பூசை வியாழக்கிழமை. எல்லாம் சரியாக அமைந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அந்த விடுப்பில்தான் அவர் அந்த ஸ்பிரே டப்பாவை வாங்கினார். துருப்பிடித்த திருகாணியை இளக்குவதற்குப் பட்டறைகளில் அடிப்பார்களே, அதுதான். அங்கே பட்டறையில் அது இல்லாமல் ஒரு வேலையும் நடக்காதாம். விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள் என்று கும்பகோணத்துக்குப் போய் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு சாண் உயரம், பக்கத்தில் மெல்லிய சிவப்புக் குழல் ஒன்று டேப் போட்டு ஒட்டியிருந்தது. அதைக் கையில் எடுத்த பிறகு மனிதர் தரையில் நிற்கவில்லை.

முதலில் கொல்லைக் கதவின் கீல். அடுத்து குளியலறைத் தாழ்ப்பாள், குடைக்கம்பி, தையல் மெஷின், மகளின் பழைய சைக்கிள். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். நிலைக்கண்ணாடியின் ஓரத்தில் நான் இருபது வருடமாக ஒட்டி ஒட்டி எடுத்த ஸ்டிக்கர் பொட்டுகளின் பசை கறுப்புப் புள்ளிகளாக நின்றிருந்தது. அதில் அடித்து, பழைய பனியனால் துடைத்தார். கண்ணாடி பளிச்சென்று ஆனதில் என் நரைமுடி எல்லாம் தெரிந்தது. புதுக் குடத்தில் கடைக்காரர் ஒட்டிய லேபிளை எடுக்கிறேன் என்று அதிலும் அடித்தார்.

"என்னங்க இது, அதுல குடிக்கத் தண்ணி புடிக்கணும்."

"சோப்புப் போட்டு ரெண்டு தடவ கழுவிக்க. வெளிப்பக்கந்தானே அடிச்சேன்."

நான் மூன்று தடவை கழுவினேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். எங்கள் ஊர்க் களிமண் மண்வெட்டியை விடாது. நாலு கொத்துக்கு ஒரு தடவை குச்சியால் வழித்துப் போட வேண்டும். இவர் மண்வெட்டித் தகட்டில் இரண்டு பக்கமும் அடித்துக் கொடுத்தார். அன்று வரப்பு வெட்ட வந்தவர் சாயங்காலம் வந்து, "மண்ணு ஒட்டவே மாட்டேங்குதுங்க, என்னங்க போட்டீங்க?" என்று கேட்டார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், காலை நீட்டி உட்கார்ந்து, "தம்பி, என் முட்டியுந்தான் எந்திரிச்சா கடகடங்குது. ரெண்டு அடி அடிச்சு வுடேன்" என்றார். தோலில் படக்கூடாது என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

சண்டை வந்தது வாசல் கேட்டினால். எங்கள் வீட்டு இரும்புக் கேட் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். அது எனக்கு எவ்வளவு உதவி என்று அவருக்குத் தெரியாது. கொல்லையில் வேலையாக இருந்தாலும் யார் உள்ளே வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். இழுத்துத் திறப்பது தபால்காரர், பாதி திறந்து நிற்பது பால்காரம்மா, முட்டித் தள்ளுவது எதிர்வீட்டு ஆடு. ஆண்துணை இல்லாத வீட்டில் அந்தக் கேட்தான் எனக்குக் காவல். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதற்கும் அடித்து வைத்தார். மறுநாளே ஆடு சத்தமில்லாமல் உள்ளே வந்து, நான் பார்த்துப் பார்த்து வளர்த்த முல்லைக்கொடியையும் ஒரு பாத்தி அரைக்கீரையையும் தின்றுவிட்டு, சத்தமில்லாமலே வெளியேயும் போய்விட்டது.

எனக்கு வந்த கோபத்தில் அவர் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து அந்த டப்பாவை எடுத்துப் பரணில், பொங்கல் பானைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். இரண்டு நாள் வீடு முழுக்கத் தேடினார். வயலில் வைத்துவிட்டு வந்துவிட்டோமோ என்று மோட்டார் கொட்டகை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நான் உளுந்து புடைத்துக்கொண்டு, "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதற்குள் ஆயுத பூசை வந்தது. அவர் வீட்டில் இருக்கிற ஆயுத பூசை பல வருடத்தில் அதுதான் முதல். எதிலும் குறை வைக்கக் கூடாது என்று இருந்தேன். அரிவாள், அரிவாள்மணை, மண்வெட்டி, தையல் மெஷின், அவருடைய ஸ்பேனர் செட், மிக்ஸி, கிரைண்டர் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். கடைசியாகப் பீரோ. அது என் பிறந்தவீட்டில் சீராகக் கொடுத்தது. அதற்குப் பொட்டு வைக்கும் இடம் எப்போதும் ஒன்றுதான். கைப்பிடிக்கு மேலே, சாவித் துவாரம் இருக்கிற வட்டத் தகட்டில், நட்டநடுவே. வருடா வருடம் கையால் தொட்டு வைப்பேன். அந்த வருடம் கெட்டியாகக் குழைத்து, கட்டைவிரலால் அழுத்தி வைத்தேன். அதன்மேல் குங்குமம். பாஸ்போர்ட் பீரோவுக்குள் இருந்தது. போகிற காரியம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று அந்த இடத்தில் நின்று ஒரு நிமிடம் கும்பிட்டேன். மறுநாள் விஜயதசமியன்று பீரோவைத் திறக்க வேலை இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பெட்டியெல்லாம் கட்டிவிட்டு, பாஸ்போர்ட்டை எடுக்கப் பீரோவுக்குச் சாவி போட்டேன். சாவி பாதிதான் போயிற்று. எடுத்துத் துடைத்துப் போட்டேன். கொஞ்சம் அழுத்தினேன், இன்னும் கொஞ்சம் போயிற்று, திரும்பவில்லை. மேலே வைத்த சந்தனத்தை நானே சாவியால் உள்ளே திணித்திருக்கிறேன் என்று அப்போது உறைக்கவில்லை. அவரைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் மாமியார் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, நான் தடுப்பதற்குள் துவாரத்தில் தாராளமாக ஊற்றிவிட்டார். எண்ணெயும் சந்தனமும் சேர்ந்து உள்ளே களியாகிவிட்டது. அதற்கப்புறம் சாவி பாதிகூடப் போகவில்லை.

பூட்டு ரிப்பேர் செய்பவர் நன்னிலத்தில் ஒருவர் உண்டு. போன் செய்தால் பூசைக்குச் சொந்த ஊர் போயிருக்கிறேன், திங்கட்கிழமை வருகிறேன் என்றார். கடப்பாரை போட்டு நெம்பலாமா என்று இவர் பார்த்தார். அந்தக் காலத்துத் தகடு. நெம்பினால் கதவு வளையுமே தவிர பூட்டு விடாது. பத்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் திருச்சிக்குச் சரியாக இருக்கும். ஒன்பதரைக்கு வாடகைக் கார் வந்து வாசலில் நின்றது. கேட் சத்தம் போடாததால் டிரைவர் உள்ளே வந்து முன்னறையில் நின்று, "சார், போலாங்களா?" என்று கேட்டபோது மூன்று பேருமே தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினோம்.

இவர் பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்து, "அந்த டப்பா மட்டும் கையில இருந்தா அஞ்சு நிமிஷ வேல" என்றார். என்னிடம் சொல்லவில்லை, பூட்டிடம் சொன்னார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பானைகளை நகர்த்தி, டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். அவர் டப்பாவைப் பார்த்தார், பரணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க ஒளிச்சு வச்சேன். அந்தச் சந்தனமும் நான்தாங்க. வருஷா வருஷம் அங்கதான் வைப்பேன். நீங்க இருக்கீங்கன்னு இந்தத் தடவ நெறைய வச்சுட்டேன்."

"நான் போகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டியா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் எனக்கு அழுகை வந்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு தடவையும் அவர் கிளம்புகிற காலையில் ஏதாவது ஒன்று நடந்து பயணம் நின்றுபோகாதா என்று நினைத்திருக்கிறேன். அந்த ஒரு காலைதான் அப்படி நினைக்கவில்லை. ஒரு வருடம் போனால் எல்லாம் முடிந்தது என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். அந்தக் காலையில் பார்த்து, என் கையாலேயே இப்படி நடக்கிறது.

"அழுவாத. புடி இத" என்று டார்ச்சை என் கையில் கொடுத்தார்.

டப்பாவைக் குலுக்கினால் அடியில் கொஞ்சந்தான் இருந்தது. மிச்சமெல்லாம் கண்ணாடிக்கும் கேட்டுக்கும் போயிருந்தது. சிவப்புக் குழலைப் பிரித்துச் செருகி, அதன் நுனியைச் சாவித் துவாரத்துக்குள் விட்டு ஒரு அடி அடித்தார். நுரைத்தது. பத்து நிமிடம் ஊற வேண்டும் என்றார். அந்தப் பத்து நிமிடத்தில் மாமியார் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுவிட்டார். பிறகு என் கொண்டை ஊசியை வாங்கி நிமிர்த்தி உள்ளே விட்டுச் சுரண்டினார். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு குழம்பு வழிந்து பீரோக் கதவில் கீழே இறங்கியது. மாமியார் "அய்யய்யோ" என்று கண்ணை மூடிக்கொண்டார். அது என்னுடைய சந்தனம். இந்த வருடத்தது மட்டுமல்ல. துடைத்துவிட்டோம் என்று நான் நினைத்திருந்த எத்தனையோ வருடத்துச் சந்தனம் கட்டிகட்டியாக வந்தது.

இரண்டாவது அடி. மறுபடி ஊசி. மறுபடி குழம்பு. மணி பத்து இருபது. மூன்றாவது அடி அடிக்கும்போது டப்பா புஸ்ஸென்று காற்றைத்தான் விட்டது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டுச் சாவியைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"ஒன் பீரோ. நீயே தொற."

சாவி முழுசாக உள்ளே போயிற்று. திருப்பினேன். ஒரு இழுவை, அப்புறம் டக்கென்று சத்தம். கைப்பிடியை அழுத்தியதும் கதவு திறந்து, பாச்சா உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. என் கல்யாணப் புடவைக்கு மேலே பாஸ்போர்ட் அப்படியே இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. மாமியார் டப்பாவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இவர் கை கழுவக்கூட நேரமில்லாமல் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு காரில் ஏறினார். சாயங்காலம் போர்டிங் முடிந்து விமானத்திற்குள் உட்கார்ந்துவிட்டேன் என்று போன் வந்த பிறகுதான் நான் ஒரு வாய் சோறு சாப்பிட்டேன். மறுநாள் பட்டறை வாசலில் நின்று போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். சட்டைப்பையில் சிவப்புக் கறை இருந்தது.

அந்த ஒரு வருடமும் ஒருவழியாக ஓடியது. கும்பகோணம் போனபோது நானே ஒரு ஸ்பிரே டப்பா வாங்கிவந்து வைத்துக்கொண்டேன். கேட்டுக்கு மட்டும் அடிக்கவில்லை. ஒரு மழைக்காலம் போனதும் அது பழையபடி கத்த ஆரம்பித்தது. அடுத்த ஆயுத பூசைக்கு நாலு நாள் முன்னால், சாயங்காலம், கேட் கத்தியது. தபால்காரரும் இல்லை, ஆடும் இல்லை. இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டு காலால் தள்ளித் திறக்கிற சத்தம். கொல்லையிலிருந்து ஓடிவந்தேன். ஒரேயடியாக வந்துவிட்டார்.

பூசையன்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பீரோவுக்குச் சாவித் துவாரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். இவர் பின்னால் நின்று பார்த்து, "புத்தி வந்துடுச்சு" என்றார். நான் பீரோவைத் திறந்தேன். உள்ளே இருக்கும் சின்ன லாக்கரிலிருந்த நகைகளை அதற்கு முன்பே எடுத்துப் புடவைத் தட்டில் வைத்திருந்தேன். லாக்கரில் இப்போது அவருடைய பாஸ்போர்ட் மட்டுந்தான் இருந்தது. அதைப் பூட்டி, கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை எடுத்து, லாக்கரின் சாவித் துவாரத்தில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்தேன். அதன்மேல் குங்குமம்.

"ஏய், அப்பறம் அது தொறக்காது."

"தொறக்க வேணாம்."

குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தார். அப்புறம், "அந்த ஸ்பிரே டப்பா எங்க இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்குத் தெரியும், மாமியாருக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை.